நட்சத்திர ஆட்டக்காரனும் மற்ற பதினொருவரும்

வாசகர் கேள்வி: திருமங்கலம் அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் கூடைப்பந்து அணியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். கள்ளிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறான். அணி எடுக்கும் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் கையால் வருபவை. ஆனால் காலைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாக வருகிறான். பந்தை யாருக்கும் தருவதில்லை. சென்ற போட்டியில் அவனை மாற்றியபோது துண்டை வீசிவிட்டு பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டான். தாளாளரிடம் சொன்னால், "ஜெயிக்கிறோம்ல சார், விட்டுப் பிடிங்க" என்கிறார். மதுரையில் ஒரு பள்ளி கட்டணம் இல்லாமல் விடுதியோடு பிளஸ் ஒன் சேர்க்கை தருவதாக அவனுடைய அப்பா இரண்டு முறை சொல்லிவிட்டார். அவனைத் தட்டிக் கேட்டால் போய்விடுவான். கேட்காவிட்டால் மற்ற பதினொரு பேரும் என்னை மதிக்க மாட்டார்கள். இரண்டு பையன்கள் ஏற்கனவே வருவதை நிறுத்திவிட்டார்கள். குறுவட்டப் போட்டிக்கு அவனை எடுக்காமல் விட்டு ஒரு பாடம் கற்பிக்கலாமா? பெரிய பயிற்சியாளர்கள் இப்படிப்பட்ட வீரர்களை எப்படிக் கையாள்கிறார்கள்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

தட்டிக் கேட்பதா, விட்டுவிடுவதா என்ற இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு நீங்கள் மருகுவது கடிதத்தில் தெரிகிறது. இரண்டுமே, அணியில் பெரியவர் யார் என்ற போட்டியாக இந்த விஷயத்தைப் பார்ப்பதால் வருபவை. அந்தப் போட்டியில் இறங்கும் பயிற்சியாளர் பெரும்பாலும் தோற்றுப்போகிறார். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் பட்டம் பெற்றுத் தந்த பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட். 1981 நவம்பரில், அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்த நேரத்தில், தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடுமாறு அதன் நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாளே வேலையிழந்தவர் வெஸ்ட்ஹெட்தான். 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து அணி 41 ஆட்டங்களில் 30-ஐ வென்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோது அதன் பயிற்சியாளர் டேவிட் பிளாட் நீக்கப்பட்டார். பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் ஒட்டுதல் இல்லை என்பதே நிர்வாகம் சொன்ன காரணத்தின் சாரம். அந்த அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ். ஆட்டங்களை வென்றுகொண்டிருப்பது மட்டும் ஒரு பயிற்சியாளரைக் காப்பாற்றாது என்பதற்கு இவை இரண்டும் போதும்.

எனவே அதிகாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பையனுக்கு வேண்டிய எதை, உங்கள் துணையில்லாமல் அவனால் அடைய முடியாது? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்த பயிற்சியாளர்களின் பேச்சைத்தான் பெரிய ஆட்டக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மைக்கேல் ஜோர்டனை எடுத்துக்கொள்வோம். 1986–87 பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.1 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டு அவருடைய சிகாகோ புல்ஸ் அணி முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் மூன்றுக்குச் சுழியம் என்று தோற்று வெளியேறியது. 1988 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டெட்ராய்ட் அணி அவர்களை மறித்தது. 1989-ல் தலைமைப் பயிற்சியாளரான பில் ஜாக்சன், டெக்ஸ் வின்டர் என்ற முதிய துணைப் பயிற்சியாளர் வகுத்திருந்த முக்கோண ஆட்ட முறையைக் கொண்டுவந்தார். பந்து ஐந்து பேர் கையிலும் சுழல வேண்டும் என்பது அதன் அடிப்படை என்பதால், ஜோர்டனிடம் பந்து இருக்கும் நேரம் குறையும். நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுப்பவரிடம் போய், குறைவாக எடு என்று எந்தப் பயிற்சியாளரும் ஆணையிட்டுவிட முடியாது. ஜாக்சன் ஆணையிடவில்லை, ஒருவரே எல்லாப் புள்ளிகளையும் எடுக்கும் அணியை மறிப்பது எதிரணிக்கு எளிது என்பதை எடுத்துச் சொல்லி, ஜோர்டனிடம் அதுவரை இல்லாத ஒன்றான பட்டத்துக்கு அதுவே வழி என்று காட்டினார். 1990–91-ல் ஜோர்டனின் சராசரி 31.5-ஆக இறங்கியது. அந்த ஆண்டுதான் முதல் பட்டம் வந்தது. லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் எதிரணி முழுவதும் ஜோர்டன் மீதே பாய்ந்துகொண்டிருக்க, டைம் அவுட்டில் ஜாக்சன் அவரிடம் திட்டமெல்லாம் விளக்காமல், யார் ஆளில்லாமல் நிற்கிறார் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொல்வார்கள். ஜோர்டனே தன் கூட்டாளியான பாக்ஸன் என்று விடை சொல்லும்படி ஆயிற்று. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஜான் பாக்ஸன் அடுத்தடுத்துக் கூடையில் போட்ட பந்துகள்தாம் தொடரை முடித்துவைத்தன.

உங்கள் மாணவனுக்கு வருவோம். இன்று அவனுக்கு எல்லாம் எளிதாகக் கிடைக்கிறது, ஏனெனில் குறுவட்ட அளவில் அவனை நிறுத்தக்கூடிய பையன்கள் குறைவு. வருவாய் மாவட்டப் போட்டியைத் தாண்டினால் நிலைமை மாறிவிடும். ஓர் அணியில் ஒருவன்தான் ஆபத்தானவன் என்று தெரிந்ததும் எந்தக் கெட்டிக்காரப் பயிற்சியாளரும் 'பாக்ஸ் அண்ட் ஒன்' போடுவார்; நான்கு பேர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நிற்க, ஐந்தாமவன் உங்கள் பையனின் பனியனைப் பிடிக்காத குறையாக அவனோடு ஓடிக்கொண்டிருப்பான். பந்தைக் கொடுத்துவிட்டு வெட்டி ஓடித் திரும்ப வாங்கத் தெரியாத ஆட்டக்காரன், அதில் பத்து நிமிடத்துக்குள் மூச்சு முட்டி ஃபவுல் செய்யத் தொடங்குவான். இன்னொன்றையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். கல்லூரித் தேர்வு முகாம்களில் தேர்வாளர்களோடு உட்கார்ந்த அனுபவத்தில் எழுதுகிறேன்: அங்கே முன்பின் தெரியாத ஐந்து பையன்களை ஓர் அணியாக இறக்குவார்கள். ஐந்து பேருமே அவரவர் பள்ளியின் நட்சத்திரங்கள். உங்கள் பையனுக்கு யாரும் பந்து தர மாட்டார்கள். பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான், தற்காப்புக்கு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறான், வெளியே எடுத்து உட்காரவைத்தால் அவன் முகம் எப்படி இருக்கிறது என்பவற்றைத்தான் நாங்கள் எழுதிக்கொண்டிருப்போம். பள்ளியில் அவன் எடுத்த முப்பது புள்ளிகளைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் வேண்டும் என்பதுதான் அவன் அப்பாவின் கணக்கு என்றால், அந்தக் கணக்குக்கும் நீங்கள் கற்றுத்தரப்போகும் ஆட்டமே உதவும்.

ஆனால் இதையெல்லாம் கோர்ட்டில் மற்றவர்கள் எதிரிலும் சொல்லாதீர்கள், ஆசிரியர் அறைக்கு அழைத்தும் சொல்லாதீர்கள். அங்கே போனாலே குற்றவாளியாக நிற்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. பயிற்சி முடிந்து அவன் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது கூடவே நடந்து போங்கள். "எதுவரைக்கும் போகணும்னு நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "தெரியல சார்" என்பான். அப்போதும் நீங்கள் பேச்சை நிரப்பாமல் இருந்தால், ஸ்டேட் டீம், ரயில்வே வேலை, பெரியகுளத்தில் மே மாதம் மின்னொளியில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் ஆட வேண்டும் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அது எதுவாக இருந்தாலும் அதுதான் உங்களுக்கும் அவனுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் முதல் வரி. அதன் பிறகு, சென்ற போட்டியின் கைபேசிப் பதிவிலிருந்து ஒரே ஒரு குவார்ட்டரை, அதாவது பத்து நிமிடப் பகுதியை, அவனோடு உட்கார்ந்து பாருங்கள். திட்ட வேண்டாம். எத்தனை முறை அவனை இரண்டு பேர் சூழ்ந்தார்கள், அப்போது எந்தக் கூட்டாளி ஆளில்லாமல் நின்றான் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.

ஜாக்சனும் ஜோர்டனும் வளர்ந்த மனிதர்கள் என்பதையும், கோடிக்கணக்கில் ஊதியமும் ஒப்பந்தமும் அவர்கள் நடுவே இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் மாணவனுக்கு வயது பதினைந்தோ பதினாறோ. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது பேசும் முறையும் பொறுமையும்தான். பேரம் பேசுவதற்கு இங்கே இடமில்லை.

இப்போது தாமதம். அரை மணி நேரம் தாமதம் என்று எழுதினீர்கள், ஏன் என்று எழுதவில்லை. கள்ளிக்குடிப் பக்கமிருந்து வருகிறவனுக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தீர்களா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகிறவன், காலையில் கணக்கு டியூஷன் முடித்துவிட்டு ஓடிவருகிறானா? எங்கள் பக்கத்தில் வெயில் ஏறிவிட்டால் சிமென்ட் தரையில் கால் வைக்க முடியாது என்பதால் ஐந்தரை மணிக்கே பயிற்சியைத் தொடங்குகிறோம். அந்த நேரம் ஊருக்குள் வீடு இருக்கும் பையன்களுக்கு மட்டும் வசதியான நேரம். காரணம் நியாயமானது என்றால் மாற வேண்டியது நேரம். வாரத்தில் இரண்டு நாட்களை மாலைக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது அவனுக்காக என்று சொல்லாமல், தொலைவிலிருந்து வரும் எல்லோருக்காகவும் என்று சொல்லுங்கள், ஏனெனில் அப்படி இன்னும் இரண்டொருவர் கட்டாயம் இருப்பார்கள்.

வெறும் அலட்சியம் என்றால், விதி வேண்டும். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்த ஜான் வூடனின் கதை ஒன்று உண்டு. அவருடைய அணியில் நீண்ட முடிக்கும் தாடிக்கும் இடமில்லை. அந்நாளில் கல்லூரி ஆட்டக்காரர்களிலேயே தலைசிறந்தவரான பில் வால்டன் முடி வளர்த்துக்கொண்டு வந்து, இப்படி இருப்பது என் உரிமை என்று வாதாடினார். வூடன் குரல் உயர்த்தவில்லை. உன் கொள்கையை மதிக்கிறேன், ஆனால் நீ இல்லாமல் அணிக்கு வருத்தமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் சொன்னார். வால்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்குப் போனார். இந்தக் கதையில் பலரும் வூடனின் உறுதியைப் பாராட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த விதி வால்டனுக்காகப் புதிதாகப் போடப்பட்டதல்ல என்பதும், அதைச் சொன்ன குரலில் சினம் இல்லை என்பதும்தான். முடி நீளத்துக்கெல்லாம் விதி வைப்பது எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு விஷயம்.

நீங்கள் வைக்கப்போகும் விதியும் சிறியதாக இருக்கட்டும். அனுமதி பெறாமல் பயிற்சிக்குத் தாமதமாக வந்தவர், அடுத்த ஆட்டத்தில் முதல் ஐவரில் இல்லை. இரண்டாம் குவார்ட்டரில் இறங்கலாம். நாற்பது நிமிட ஆட்டத்தில் பத்து நிமிடம் அவன் இல்லாமல் ஆடுவதை உங்கள் அணி தாங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் தாமாகவே கூடையைப் பார்க்கத் தொடங்குவார்கள் என்பது உபரி லாபம். விதியைப் பன்னிரண்டு பேரும் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள், அதற்கு முன் நாள் அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். விதி உங்களுக்கும் உண்டு: நீங்கள் தாமதமாக வரும் நாளில் பையன்களோடு சேர்ந்து கோர்ட்டைச் சுற்றி ஓடவும் வேண்டியிருக்கும்.

குறுவட்டப் போட்டிக்கு அவனை எடுக்காமல் விடும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், போட்டி நேரத்தில் தரும் தண்டனை, முகூர்த்தத்தன்று காலையில் சமையற்காரரிடம் சண்டை போடுவதைப் போன்றது. அவர் கோபித்துக்கொண்டு போனால் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் பட்டினி. அந்தப் போட்டியில் கிடைக்கும் சான்றிதழ் மற்ற பதினொரு பையன்களுக்கும் உரியது அல்லவா?

மற்ற பதினொரு பேரைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் அவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். 1994 மே 13 அன்று, ஜோர்டன் ஓய்விலிருந்த பருவத்தில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான சிகாகோவின் ஆட்டம் சமநிலையில் இருக்க 1.8 விநாடிகள் மீதமிருந்தன. கடைசி வீச்சை டோனி குகோச்சுக்கு ஒதுக்கினார் ஜாக்சன். அணியின் முதன்மை ஆட்டக்காரரான ஸ்காட்டி பிப்பன் கோபித்துக்கொண்டு களமிறங்க மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் வீசிய பந்து கூடையில் விழுந்தது, அணி வென்றது. உங்கள் பையன் துண்டை வீசியதைவிடப் பெரிய அவமதிப்பு இது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஜாக்சன் உடை மாற்றும் அறையில் நீதிபதியாக நிற்கவில்லை. மூத்த ஆட்டக்காரரான பில் கார்ட்ரைட் கண் கலங்கியபடி, இத்தனை பாடுபட்டு வந்த நம்மை நீ இப்படிக் கைவிடலாமா என்ற பொருளில் பேசினார். பிப்பன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் அவர் வழக்கம்போல் ஆடினார், அணி வென்றது. பயிற்சியாளர் திட்டியிருந்தால் பிப்பனுக்கு எதிர்த்துப் பேச ஒருவர் கிடைத்திருப்பார். கூட்டாளியின் கண்ணீரை எதிர்த்துப் பேச வழியில்லை.

பள்ளிப் பையன்களிடம் இதை அப்படியே செய்ய முடியாது. பதினொரு பேர் சேர்ந்து ஒருவனைக் கேள்வி கேட்கும் கூட்டம் சில நிமிடங்களில் கேலியாகவும் பழிதீர்ப்பாகவும் மாறிவிடும். அதற்குப் பதிலாக, வருவதை நிறுத்திவிட்ட அந்த இரண்டு பையன்களின் வீட்டுக்கு முதலில் போங்கள். பந்து வராததால் நின்றார்களா, நீங்கள் அவனுக்கு ஒரு நீதி தங்களுக்கு ஒரு நீதி என்று நடந்ததால் நின்றார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பி வந்தால், ஒவ்வொருவருக்கும் அணியில் இன்ன வேலை என்று பெயர் சொல்லி ஒன்றைக் கொடுங்கள்: ஒருவன் ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஒருவன் எதிரணியின் சிறந்த வீரனை மறிக்க. பயிற்சி ஆட்டத்தில் உங்கள் நட்சத்திரத்தை வலுக்குறைந்த நால்வரோடு சேர்த்து இறக்கி, பந்து மூன்று கை மாறிய பிறகு போடும் கூடைதான் கணக்கு என்று அறிவியுங்கள். முதல் வாரம் முறைப்பான். அவன் கொடுத்த பந்தில் எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கூடைக்கு அருகே ஓடிவந்து லே-அப் போட்டுவிட்டு அவனிடம் ஓடிவந்து கை தட்டும் நாளில், அந்த முறைப்பு தளரத் தொடங்கும். அப்படி அவன் தந்து விழுந்த கூடைகளைத் தனியாக எண்ணி, புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். பையன்கள் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் செய்வார்கள்.

அவனை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசும் அளவு எது என்பதற்கு சான் அன்டோனியோ அணியின் பயிற்சியாளராக இருந்த கிரெக் போப்போவிச் நல்ல பாடம். அணியின் நட்சத்திரமான டிம் டங்கனை அவர் மற்றவர்கள் எதிரிலேயே கடுமையாகக் கண்டிப்பார். டங்கன் பேசாமல் கேட்டுக்கொள்வார். அதைப் பார்த்த இளையவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே உங்கள் மாணவனைக் கண்டித்துவிடாதீர்கள். 1997-ல் டங்கன் அணிக்கு வந்த தொடக்கத்திலேயே போப்போவிச் அவருடைய சொந்த ஊரான செயின்ட் குரோய் தீவுக்குப் போய் உடன் தங்கிப் பழகியவர். முதலில் அந்த நெருக்கம், பிறகுதான் அந்தக் கண்டிப்பு. இருவரும் 19 பருவங்கள் சேர்ந்திருந்தார்கள், 5 பட்டங்கள் வென்றார்கள்.

தாளாளரை நீங்கள் இதுவரை புகார் சொல்லவே பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அடுத்த முறை விதியோடு போங்கள். பிரச்சினை வருவதற்கு முன்பே அவருடைய ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்கு வந்த புதிதில் அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறியபோது, இளைஞரான எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை நீக்கிவிட்டுத் தலைவர் பாட் ரைலியே பயிற்சியாளராக வருவார் என்ற பேச்சு எழுந்தது. ரைலி அசையவில்லை. பயிற்சியாளரைத் தாண்டி மேலே போய்ப் பயனில்லை என்பது தெளிவான பிறகு ஆட்டத்தில் கவனம் வந்தது. 2012, 2013 பட்டங்களும் வந்தன. உங்கள் தாளாளரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பையனோ அவன் அப்பாவோ அவரிடம் நேராக வந்தால், "மாஸ்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்பாவைப் பள்ளிக்கு அழைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள். "மதுரைப் பள்ளிக்கு அனுப்பாதீங்க" என்று கெஞ்சவும் வேண்டாம், அங்கே போனால் கெட்டுப்போவான் என்று மிரட்டவும் வேண்டாம். அந்தப் பள்ளி அணியில் அவன் இடத்தில் ஆட ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், காயம்பட்டு ஒரு பருவம் ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகையும் விடுதியும் தொடருமா என்ற இரண்டு கேள்விகளை அவரையே அங்கே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான விடை கிடைத்து, அது பையனுக்கு நல்லது என்று தெரிந்தால், போகட்டும். மாற்றுச் சான்றிதழையும் விளையாட்டுச் சான்றிதழ்களையும் இழுத்தடிக்காமல் வாங்கிக் கொடுங்கள். உங்கள் அணியிலிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அதையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, அடுத்த ஆட்டத்தில் அவனை மாற்ற வேண்டி வரும்போது என்ன செய்வது என்பது. மாற்றப்போகிறேன் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றாம் குவார்ட்டரின் நடுவில் மூன்று நிமிடம் என்று நேரத்தையும் சொல்லுங்கள். வெளியே வந்ததும் பெஞ்சின் கடைசிக்கு விடாமல் உங்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவையுங்கள். தண்ணீர் குடித்து முடித்ததும் அவனை மறித்தவனின் எந்தக் கால் முன்னால் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அவன் சொல்லும் விடை சரியாக இருந்தால், அடுத்த டைம் அவுட்டில் உங்களுக்கு இருக்கும் ஒரு நிமிடத்தில் பதினைந்து விநாடியை அவனுக்குக் கொடுத்து, மற்ற நால்வருக்கும் அதை அவன் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு களத்துக்கு அனுப்புங்கள்.